பூலாம்பாடிப் படகும் செந்துறைப் படகும்

என் நண்பர்கள் இருவரிடம் ஆளுக்கொரு பாய்ப்படகு இருக்கிறது. பெரம்பலூரில் இதைச் சொன்னால் கேட்பவர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார். பிறகு, "எந்த ஏரியிலங்க?" என்பார். ஏரியில் இல்லை, கடலில் என்றால் அதற்குமேல் பேச்சே இருக்காது. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற ஊர் இது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் மாறி மாறி மூன்று, நான்கு மணி நேரம் போக வேண்டும். அதனால் அவர்கள் நம்பாததில் எனக்கு வருத்தம் இல்லை. கண்ணால் பார்த்த எனக்கே சில நாள் நம்பிக்கை வருவதில்லை.

அந்த இரண்டு பேரையும் ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி வைத்த பாவம் என்னுடையது.

நான் மாட்டு டாக்டர். வேப்பந்தட்டைப் பக்கம் வேலை. ஏழெட்டு வருடங்களுக்கு முன் பூலாம்பாடியிலிருந்து ஒரு போன் வந்தது. கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது, உடனே வாங்க என்று. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். கன்றை வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கயிறு போட்டு இழுக்க வேண்டியிருந்தது. மாட்டுக்காரர் கயிற்றில் போட்ட முடிச்சைப் பார்த்து அசந்துவிட்டேன். எவ்வளவு இழுத்தாலும் அது கன்றின் காலை இறுக்கவில்லை. வேலை முடிந்ததும் ஒரே தட்டில் கழன்று வந்தது.

"இந்த முடிச்சு எங்க கத்துக்கிட்டீங்க?"

"மலேசியாவுலங்க டாக்டரம்மா. அங்க மாட்டுக்கு இல்ல, படகுக்கு."

அவர் இருபத்திரண்டு வருடம் மலேசியாவில், பாய்ப்படகுகள் வந்து நிற்கும் ஒரு துறையில் வேலை பார்த்தவர். படகின் அடியில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டுவது, கிழிந்த பாயைத் தைப்பது, பெயிண்ட் அடிப்பது. முதலாளிமார் தீவுகளுக்குப் போகும்போது கூடவே போய்ப் பாய் இழுப்பதும் சமைப்பதும் அவர் வேலை. ஊருக்குத் திரும்பி வந்து நான்கு மாடு வாங்கி, பால் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆனால் மனசு மாட்டுக்கொட்டகையில் இல்லை. கொட்டகையில் கயிறுகள் எல்லாம் ஒரே அளவாக, ஒரே திசையில் சுருட்டித் தொங்கின. தண்ணீர் வாளிகூடத் தலைகீழாகக் கவிழ்த்து, காற்றில் உருளாதபடி கட்டப்பட்டிருந்தது. நான்கு மாடுகளும் ராணுவத்தில் இருப்பதுபோல வரிசையாக நின்றன.

அடுத்த வருடம் அவர் புதுச்சேரியில் ஒரு பழைய ஃபைபர் பாய்ப்படகை வாங்கிவிட்டார். ஊரைவிட்டுப் போகிற ஒருவர் விற்றது. இருபத்தாறு அடி நீளம். உள்ளே குனிந்தபடி நிற்கலாம், இரண்டு பெஞ்சில் படுக்கலாம், ஒரு சின்ன அடுப்பு உண்டு. அதைக் கொண்டுவந்து கடலூரில், கடலோடு சேரும் உப்பனாற்றுக் கரையோரம் கட்டினார். வாரம் ஒருமுறை பூலாம்பாடியிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். மாடுகளைக்கூட அவர் அவ்வளவு கரிசனமாகப் பார்த்து நான் கண்டதில்லை.

இரண்டாவது ஆள் செந்துறைக்காரர். அரியலூர் ரோட்டில் டிராக்டர் டிரெய்லர் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய மனைவி என் கல்லூரி நாட்களில் ஒரே ரூமில் இருந்தவள், இப்போது அரியலூரில் கணக்கு டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களையும் மலேசியா அண்ணனையும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். கோழிக்குழம்பு முடிந்து ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது மலேசியா அண்ணன் போனை எடுத்துப் படகின் படத்தைக் காட்டினார்.

பட்டறைக்காரர் ரசம் சொட்டும் கையை ஓரமாக வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இதுல என்னண்ணே இருக்கு? டிரெய்லர் மாதிரிதான். சக்கரம் மட்டும் இல்ல."

"அப்படியா தம்பி? ஒன்னால அடிக்க முடியுமா?"

"ஏன் முடியாது?"

"இல்லப்பா, கஷ்டம். இது வளைவு சுளிவெல்லாம் இருக்கு. ஒனக்குச் சதுரம்தான் சரியா வரும்."

டீச்சரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் மெதுவாக, "போச்சு" என்றாள்.

பட்டறையின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை எழும்பியது. நெட்டிலிருந்து ஒரு வரைபடம் வந்தது. இரும்புத் தகடுகள் வந்து இறங்கின. சரியாக இருபத்தெட்டு அடி. "ஏன் இருபத்தெட்டு?" என்று கேட்டேன். "அண்ணனோடது இருபத்தாறுங்களே" என்றார், அதற்கு மேல் காரணம் எதற்கு என்பதுபோல.

இரண்டு மழைக்காலம் ஓடியது. டிரெய்லர் வாங்க வந்தவர்கள் எல்லாரும் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஒருவர் தண்ணீர் லாரியா என்று கேட்டார். ஒருவர் கோயில் வாகனம் என்று நினைத்து, எந்த ஊர்த் திருவிழா என்று விசாரித்தார். யாருக்கும் இவர் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. டீச்சர்தான் பொறுமையாக, "படகுங்க" என்பாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைப் பார்த்துக் கையை அலைபோல ஆட்டிக் காட்ட ஆரம்பித்ததும் அதையும் நிறுத்திவிட்டாள்.

பெயிண்ட் அடிக்க, வழக்கமாக டிரெய்லருக்கு அடிக்கும் பெயிண்டரையே கூப்பிட்டார். என்ன கலர் என்று சொல்லிவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் பக்கவாட்டில் நீலம், அடியில் சிவப்பு, எல்லாம் சரிதான். பின்பக்கம் மட்டும் கொட்டை எழுத்தில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதி, இரண்டு ஓரத்திலும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டியிருந்தது. முப்பது வருட வழக்கம், கை தானாக எழுதிவிட்டது என்றார் பெயிண்டர். அழிக்கச் சொல்லலாம் என்று நினைத்தார்கள். ஆனால் எழுத்து அவ்வளவு அழகாக இருந்தது. டீச்சர் விடவில்லை. "இருக்கட்டும். கடல்ல மட்டும் பின்னாடி வர்றவன் இடிக்க மாட்டானா என்ன?"

கடலுக்குக் கொண்டுபோகும் முன் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகை நல்ல மழை. செந்துறைக்குப் பக்கத்து ஏரி நிறைந்து தளும்பியது. மலேசியா அண்ணன் போனில் கேட்டார், "தம்பி, ஏரி எத்தனை அடி ஆழம்?"

"யானை முங்கும்ணே."

"யானை நின்னுக்கிட்டு முங்குமா, படுத்துக்கிட்டு முங்குமா?"

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. கடல் போகும் பாய்ப்படகுக்கு அடியில், மீனின் துடுப்பு மாதிரி, கனமான ஒரு இரும்புப் பலகை கீழே தொங்கும். காற்று பாயைத் தள்ளும்போது படகு கவிழாமல் பிடித்துக்கொள்வது அதுதான். பட்டறைக்காரர் அதையும் தாராளமாகவே செய்திருந்தார். நான்கு அடி.

கிரேன் படகைத் தூக்கி ஏரியில் இறக்கியது. ஊரே கரையில் நின்றது. படகு மிதந்தது. கைத்தட்டல். பட்டறைக்காரர் உள்ளே ஏறி ஒரு மூங்கில் கழியால் தள்ளிக்கொண்டு இருபது அடி போனார். அப்புறம் நின்றுவிட்டது. எவ்வளவு தள்ளியும் அசையவில்லை. அடியிலிருந்த பலகை சேற்றில் நன்றாகக் குத்தி உட்கார்ந்துவிட்டது. கிரேன்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டார், நாளைக்குத்தான் வருவார்.

மதியமாயிற்று. கூட்டம் கலைந்தது. பட்டறைக்காரர் இறங்கவில்லை. எருமைகள் தண்ணீருக்குள் வந்தன. அதில் ஒன்று படகின் விளிம்பில் கழுத்தைச் சொறிந்துகொண்டது, அதற்குப் பிடித்துப்போய்விட்டது போல, நகரவே இல்லை. டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிபன் கேரியரோடு தண்ணீரில் இறங்கி நடந்தாள். நானும் போனேன். இடுப்பளவுதான்.

"சாப்பிட்டுட்டு எறங்குங்க" என்றாள்.

"மெதக்குது பாத்தியா?"

"மெதக்கலைங்க. நிக்குது."

அவர் கேரியரைத் திறந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. சாயங்காலம் மலேசியா அண்ணன் பூலாம்பாடியிலிருந்து வந்து சேர்ந்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப்போய், படகுக்குள் ஏறி, அடித்தளத்துப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு சொட்டு ஒழுகல தம்பி" என்றார். "அது போதும். கடல்ல சேறு கீழ ரொம்ப தூரத்துல இருக்கும்."

மறுநாள் கிரேன் வந்தது. படகை டிரெய்லரில் ஏற்றி, பாய்மரத்தைத் தனியாகப் படுக்கவைத்துக் கட்டி, ஜெயங்கொண்டம் வழியாகக் கடலூர் கொண்டுபோனார்கள். வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டிருக்கிறார்.

"என்னய்யா லோடு?"

"படகுங்க சார்."

"எங்கேர்ந்து?"

"செந்துறைங்க."

"செந்துறையில ஏதுய்யா கடலு?"

"இல்லைங்க சார். அதனாலதான் கொண்டுபோறோம்."

இந்தப் பதிலை அவர் அங்கே சொன்னாரா, பின்னால் எங்களிடம் சொல்லும்போது சேர்த்துக்கொண்டாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

ஆக, உப்பனாற்றில் இரண்டு படகுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று வெள்ளையாக, ஒல்லியாக. மற்றொன்று நீலமாக, தடித்து, எப்போது வேண்டுமானாலும் கரும்பு லோடு ஏற்றலாம் என்பதுபோல. தை மாதத்திலிருந்து சனி, ஞாயிறு வகுப்பு ஆரம்பித்தது. மலேசியா அண்ணன் வாத்தியார். பட்டறைக்காரர், டீச்சர், நான் மூன்று பேரும் பிள்ளைகள்.

பட்டறைக்காரருக்குச் சுக்கான்தான் சிக்கல். முப்பது வருடமாக டிராக்டரும் லாரியும் ஓட்டியவர். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் வண்டி போக வேண்டும் என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. இந்தப் படகுகளில் சுக்கானுக்கு ஒரு நீளக் கட்டை. அதை வலது பக்கம் தள்ளினால் படகு இடது பக்கம் திரும்பும். ஒவ்வொரு தடவையும் அவர் தப்பான பக்கம் தள்ளி, அது தப்பு என்று புரிந்து, இன்னும் வேகமாக அதே பக்கம் தள்ளுவார். கூடவே காலால் பிரேக் தேடுவார். மீன்பிடிப் படகுக்காரர்கள் அவரைத் தூரத்தில் கண்டாலே ஒதுங்கிப் போனார்கள்.

டீச்சருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. மறக்க வேண்டியது எதுவும் அவளிடம் இல்லை. முதல் நாளே கட்டையைப் பிடித்து உட்கார்ந்தவள், பாயை ஒரு பார்வை, தண்ணீரை ஒரு பார்வை பார்த்து, படகை ஒரு கோடு போட்டதுபோல ஓட்டினாள்.  மலேசியா அண்ணன் என்னிடம் திரும்பி, "இத்தனை வருஷமா இவங்களக் கணக்குச் சொல்லிக்குடுக்க வச்சு வீணாக்கிட்டாங்களே" என்றார்.

பட்டறைக்காரர் அதற்கு, "படகு அப்படிங்க. நல்லாச் செஞ்ச படகு, யாரு புடிச்சாலும் நேராப் போகும்" என்றார்.

என் கதை வேறு. துறைமுக வாயைத் தாண்டி முதல் அலையில் படகு ஏறி இறங்கியதும் என் வயிறும் ஏறி இறங்கும். பையில் எல்லா மருந்தும் இருக்கும், எனக்கு எதுவும் வேலை செய்யாது. "மாட்டுக்கு வாந்தி வந்தா என்ன குடுப்பீங்க டாக்டரம்மா?" என்று ஒருநாள் மலேசியா அண்ணன் கேட்டார். மாடு வாந்தி எடுக்காது, அசைதான் போடும் என்றேன். "அப்ப நீங்களும் அசைபோட்டுப் பழகுங்க" என்றார். வாந்தி எடுத்துக்கொண்டே சிரித்த ஒரே ஆள் கடலூர்க் கடலில் நானாகத்தான் இருப்பேன்.

மாசி மாதத்தில் இரண்டு படகும் சேர்ந்து புதுச்சேரி போய்வருவது என்று முடிவாயிற்று. ஒருநாள் போக, ராத்தங்கி, மறுநாள் வர. செந்துறைப் படகில் கணவனும் மனைவியும். பூலாம்பாடிப் படகில் அண்ணனும் நானும். என்னை எந்தப் படகில் ஏற்றுவது என்று பெரிய விவாதம் நடந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எந்தப் பக்கம் வாந்தி எடுத்தாலும் கழுவ எளிதாக இருப்பது ஃபைபர் படகுதான் என்பதால் அப்படி முடிவெடுத்தார்களாம்.

போகும் நாள் அற்புதமாக இருந்தது. பகல் ஏற ஏறக் கடல்காற்று பின்பக்கவாட்டில் வந்து தள்ளியது. இரண்டு படகும் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஓடின. தனிப் படகில் போகும்போது கடல் மட்டும்தான் இருக்கும். பக்கத்தில் இன்னொரு படகு வந்தால் நம் படகு எப்படி இருக்கும் என்பதும் தெரிகிறது. அதன் பாய் வெயிலில் வயிறு புடைத்து நிற்பதையும், முன்பக்கம் தண்ணீர் பிளந்து வெள்ளையாகச் சுருள்வதையும் பார்த்து, ஓ, நாமும் இப்படித்தான் இருக்கிறோம் போல என்று தோன்றும். அன்றைக்கு எனக்கு வாந்தி வரவில்லை. அந்த நீலப் படகையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். பட்டறைக்காரர் கையை ஆட்டி, "அண்ணே, நாங்க முன்னாடி!" என்று கத்துவார். கொஞ்ச நேரத்தில் நாங்கள் தாண்டிப் போவோம். அவர் அந்தப் பக்கம் திரும்பி எதையோ ரிப்பேர் செய்வதுபோல உட்கார்ந்துகொள்வார்.

மறுநாள் திரும்பும்போதுதான் காற்று நின்றது. காலையில் கரையிலிருந்து வீசிய காற்றில் நன்றாகத்தான் கிளம்பினோம். ஒன்பது மணிக்கு அது ஓய்ந்தது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல ஆயிற்று. பாய் துவண்டு தொங்கியது. இரண்டு படகும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு சும்மா நின்றன.

"இன்ஜின் போடுங்கண்ணே!" என்று அங்கிருந்து சத்தம் வந்தது.

"பாய்ப்படகுக்கு எதுக்குத் தம்பி இன்ஜின்? காத்து வரும். இரு."

அவர் இன்ஜின் ஒரு மாதமாக ஸ்டார்ட் ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும். பட்டறைக்காரர் தன் படகில் வைத்திருந்தது கிணற்றுக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜின். அது எப்போதும் ஸ்டார்ட் ஆகும். ஆனால் அண்ணனே போடாதபோது தான் போட்டால் மரியாதையாக இருக்காது என்று அவரும் போடவில்லை. கடைசியில் டீச்சர் ஒரு கயிற்றை எறிந்தாள். இரண்டு படகையும் பக்கம் பக்கமாகச் சேர்த்து, நடுவில் பழைய டயரைத் தொங்கவிட்டுக் கட்டினோம். அந்தப் படகிலிருந்து புளியோதரை வந்தது, இந்தப் படகிலிருந்து டீ போனது.

சாப்பிட்டு முடித்து எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தபோது மலேசியா அண்ணன் பேசினார்.

"அங்க இருந்தப்ப இப்படித்தான் கட்டுவாங்க. ரெண்டு முதலாளிங்க சாயங்காலம் ஒரு எடத்துல நங்கூரம் போட்டா, படகைச் சேத்துக் கட்டிக்குவாங்க. இந்தப் படகுலேர்ந்து அந்தப் படகுக்குத் தட்டு போகும், கிளாஸ் போகும், சிரிப்பு போகும். நான் கீழ அடுப்புக்கிட்ட நிப்பேன். மேல எல்லாரு காலும் தெரியும். இருபத்திரண்டு வருஷம் நான் காலைத்தான் பாத்தேன்."

அவர் டீயை ஒரு மடக்குக் குடித்தார்.

"புதுச்சேரியில இந்தப் படக வாங்குனதும் ஒரு மாசம் தனியா ஓட்டுனேன். வேலை மாதிரியே இருந்துச்சு டாக்டரம்மா. இன்னொரு படகு இருந்தாத்தான் நல்லாருக்கும்னு தோணுச்சு. நம்ம பக்கத்துல யாரு வாங்குவா? அன்னைக்கு ஒங்க வூட்டுல தம்பி வாயத் தொறந்தாரு. சரி, கெளப்பிவிட்டுப் பாப்போம்னு, ஒன்னால முடியாதுன்னு சொன்னேன்."

பட்டறைக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அப்ப என்னால முடியும்னு ஒங்களுக்கு அப்பவே தெரியும்?"

"தெரியும்."

"படகு நல்லா வரும்னும் தெரியும்?"

"அது இப்பவும் நல்லா இல்ல தம்பி. ஆனா மெதக்குது."

முதலில் சிரித்தது டீச்சர்தான். பட்டறைக்காரர் முறைத்துப் பார்த்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். வெயில் என்றார்.

பதினொன்றரை மணிக்குத் தண்ணீர் மேல் கருப்பாக ஒரு சுருக்கம் ஓடி வந்தது. கடல்காற்று. அவசர அவசரமாகக் கயிற்றை அவிழ்த்தோம். யார் முதலில் கடலூர் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். மலேசியா அண்ணன் பாயை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார். பாயிலிருந்து வரும் கயிற்றை ஓர் இரும்பு உருளையில் சுற்றி இழுப்பார்கள், பாரம் தெரியாமலிருக்க. அன்று அவர் கண் கயிற்றில் இல்லை, நீலப் படகின் மேல் இருந்தது. காற்று ஒரே அடியாக அடித்தது. கயிறு விர்ரென்று ஓடி, அவர் இடது கை விரல்களை உருளைக்குள் இழுத்துப் போட்டது.

அவர் கத்தக்கூட இல்லை. "டாக்டரம்மா, சுக்கானைப் புடிங்க" என்றார். அப்புறம்தான் ரத்தத்தைப் பார்த்தேன்.

சுக்கானை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு பையைத் திறந்தேன். இரண்டு விரல் தோல் கிழிந்திருந்தது, ஒன்று எலும்பு விலகியிருந்தது. கழுவி, மாட்டுப் புண்ணுக்கு அடிக்கிற ஊதா மருந்தை அடித்து, டீ கலக்கும் ஸ்பூனை முட்டுக்கொடுத்து, மாட்டுக் காலுக்குப் போடுகிற மாதிரி இறுக்கிக் கட்டினேன். அதெல்லாம் என் கைக்குப் பழகிய வேலை. கட்டு முடிந்து நிமிர்ந்து பாயைப் பார்த்ததும்தான் நிலைமை புரிந்தது. படகு கடலூரை விட்டுவிட்டு வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. அதுவரை நான் தனியாகச் சுக்கான் பிடித்ததே இல்லை.

நீலப் படகு திரும்பி எங்கள் பக்கம் வந்தது. டீச்சர் என்ன நடந்தது என்று புரிந்துகொண்டாள். நாற்பது அடி தள்ளி எங்களுக்கு இணையாக ஓட்டியபடி, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரலில் கத்தினாள்.

"ஏய், என்னைப் பாருடி! தண்ணியப் பாக்காத! பாயி படபடன்னு அடிச்சா கட்டைய ஒன் பக்கம் இழு! ரொம்பச் சாஞ்சா தள்ளிவிடு! அவ்வளவுதான்!"

"எனக்குப் பயமா இருக்குடி!"

"எனக்கும்தான்! இழு!"

இழுத்தேன். பாய் அமைதியானது. படகு ஓடத் தொடங்கியது. அவள் கொஞ்சம் முன்னால் போய் வழிகாட்டினாள். அடுத்த இரண்டரை மணி நேரம் நான் கடலைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் 'ஒலி எழுப்பவும்' என்ற எழுத்து மட்டும்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது வலதுபக்கம் போனால் நானும் போனேன், நிமிர்ந்தால் நானும் நிமிர்ந்தேன். பட்டறைக்காரர் பின்பக்கம் உட்கார்ந்து, என்னையே பார்த்தபடி, நான் சரியாகத் தள்ளும்போதெல்லாம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சுக்கான் விஷயத்தில் அவரிடமிருந்து பாராட்டு வாங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துச் சிரிக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

மலேசியா அண்ணன் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்திருந்தார். வலி இருந்திருக்கும். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "பாம்பு மாதிரி போறீங்க டாக்டரம்மா." கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப சாரைப்பாம்பு அளவுக்கு இருக்கு, பரவால்ல."

துறைமுக வாய் குறுகல். மீன்பிடிப் படகுகள் வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்தன. பாயை வைத்துக்கொண்டு என்னால் நுழைய முடியாது. பட்டறைக்காரர் கயிற்றை வீசினார். கிணற்று இன்ஜின் டுக்கு டுக்கு என்று ஆரம்பித்தது. வெள்ளைப் படகை நீலப் படகு கட்டி இழுத்துக்கொண்டு உள்ளே போனது. மலேசியா அண்ணன் துண்டை முகத்தின் மேல் போட்டுக்கொண்டார்.

"வலிக்குதாண்ணே?"

"இல்ல. யாராவது பாத்துருவாங்க."

கடலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, யார் போட்டது, நன்றாகப் போட்டிருக்கிறார்களே என்று கேட்டார். மாட்டு டாக்டர் என்றார் அண்ணன். அந்த டாக்டர் ஊதாக் கையை இன்னொரு முறை பார்த்தார். விரல் சேர இரண்டு மாதமாயிற்று. ஒரு விரல் இன்னும் முழுதாக மடங்காது. பால் கறக்க இடைஞ்சல் இல்லை, கயிறு இழுக்கத்தான் கொஞ்சம் கஷ்டம் என்கிறார். அதனால் இப்போது அவர் படகில் கயிறு இழுப்பது பட்டறைக்காரர். சுக்கான் கட்டையைத் தொடமாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். நீலப் படகு முழுக்க டீச்சர் கையில். அவளோடு நான். வாந்தி இப்போது பாதி நாள்தான் வருகிறது, சுக்கான் என் கையில் இருந்தால் வருவதே இல்லை.

தையிலிருந்து சித்திரை வரை மாதம் இரண்டு முறையாவது போகிறோம். போன வருடம் பரங்கிப்பேட்டை தாண்டிப் போய் வந்தோம். அடுத்து காரைக்கால். வெள்ளைப் படகில் இரண்டு ஆண்களும் காலையிலிருந்து சாயங்காலம்வரை சண்டை போட்டுக்கொண்டு வருவார்கள். காற்று எங்கள் பக்கம் வீசினால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்கும். டீச்சர் வேண்டுமென்றே கொஞ்சம் பின்தங்கி, கேட்கிற தூரத்திலேயே படகை வைத்துக்கொள்வாள்.

காரைக்காலுக்கு நான்கு நாள் லீவு வேண்டும். போன வாரம் எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் வழக்கம்போல 'சொந்த வேலை' என்று போட்டேன். அதை வாங்கிய ஆபீஸ் அம்மா படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி, "ஏங்க டாக்டர், எங்களுக்கெல்லாம் சொந்த வேலைன்னா வங்கி, கல்யாணம், கோர்ட்டுன்னு இருக்கு. ஒங்க சொந்த வேலைக்குப் போனா மட்டும் மூக்கு தோல் உரிஞ்சு வர்றீங்களே, அது என்ன வேலைங்க?" என்றார்.

படகு என்று சொன்னேன்.

"எந்த ஏரிங்க?" என்று கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கையெழுத்துக்கு வைக்கும் கட்டுக்குள் என் தாளைச் செருகிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பொம்பளைங்கள ஏத்துவாங்களா?" என்றார்.